சர்பத் சென்ற வழி

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் அழைப்பை ஏற்று வெளியூர் விடுதி ஒன்றில் விருந்துண்ணச் சென்றிருந்தோம். மேசைக்கு வந்த சிப்பந்தி உணவுப் பட்டியலுக்கு முன்பாகவே பானங்களின் பட்டியலை நம் கையில் கொடுத்தார். அந்தப் பழக்கம் நமக்கு இல்லை என்றோம். அவர் சற்றும் தயங்காமல் பக்கத்தைச் சுட்டி, "வலப்பக்கத்தில் உள்ளவை மது கலவாதவை, ஐயா" என்றார். இடப்பக்கம் காக்டெயில், வலப்பக்கம் மாக்டெயில். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரு பக்கத்துக்கும் வேறுபாடு சாராயம் ஒன்றே என்பது விளங்கிற்று. பாகும் பழச்சாறும் இரு பக்கத்துக்கும் பொது. சிரப், ஷ்ரப், ஜூலெப், சோர்பே என்று வரிசையாக நின்ற அப்பெயர்களைப் படிக்கப் படிக்க நமக்கு வியப்பு மேலிட்டது. மதுச்சாலையின் பட்டியலிலிருந்து மதுவின் பெயர்களை நீக்கிவிட்டால், எஞ்சும் பெயர்களிற் பல அரபியும் பாரசீகமுமாக அல்லவா இருக்கின்றன!

'ஷரிப' என்றால் அரபியில் 'பருகினான்' என்று பொருள். அவ்வேரிலிருந்து பிறந்த 'ஷராப்' பருகத்தக்க எதனையும் குறிக்கும். இச்சொல் இடைக்கால இலத்தீனில் 'சிருப்புஸ்' ஆகி, ஐரோப்பிய மொழிகளில் 'சிரப்' ஆயிற்று. இருமலுக்கு நம் வீட்டுத் தாய்மார் கரண்டியில் ஊற்றிக் கொடுக்கும் சிரப்பும் அதுவே. அதே வேரின் 'ஷர்பா' துருக்கியரிடம் 'ஷெர்பெத்' ஆகி, இத்தாலியில் 'சோர்பெத்தோ' என்றும் பிரான்சில் 'சோர்பே' என்றும் உறைந்த பனிக்கூழாக மாறியது. ஆங்கிலேயரின் 'ஷ்ரப்' என்பதும் இக்குடும்பத்துப் பிள்ளையே. உருது மொழியிலோ 'ஷராப்' என்றால் மது. 'ஷர்பத்' என்றால் விருந்தாளிக்குத் தரும் இன்சுவை நீர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒன்று ஊர் சுற்றிக் கெட்டது. மற்றொன்று வீட்டோடு தங்கிற்று எனலாம்.

சொற்கள் பயணம் செய்வது புதுமையன்று. ஆனால் இத்தனை பழப்பானச் சொற்கள் ஒரே திசையிலிருந்து ஏன் சென்றன? மதுவை விலக்கிக்கொண்ட ஒரு சமுதாயம், பழச்சாற்றை மதுவாகாமல் காத்து வைப்பது எவ்வாறு என்ற கேள்விக்குப் பல நூற்றாண்டுகள் விடை தேடியது. அத்தேட்டத்தின் எச்சங்களே இச்சொற்கள் என்பது நம் கருத்து.

பழச்சாற்றைப் பிழிந்து வைத்தால் அது சும்மா இருப்பதில்லை. பழத்தின் தோலிலேயே ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் ஒட்டியிருக்கிறது. வெப்ப நாட்டில் ஓரிரு நாள்களில் சாறு நுரைக்கத் தொடங்கும். இனிப்புக் குறைந்து போதை ஏறும். இதனை உயிருள்ள நுண்பொருள் செய்கிறது என்பதை லூயி பாஸ்டர் நிறுவியது 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேதான். அதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முந்திய மதீனாவில் அந்த அறிவு இல்லை. ஆனால் சிக்கல் இருந்தது.

மதீனாவாசிகள் அன்று அருந்திய மது பெரும்பாலும் திராட்சை மதுவன்று. பேரீச்சங் காய்களிலும் கனிகளிலும் இருந்து செய்த 'ஃபளீக்' என்பதே அது. விலக்கின் செய்தி தெருவில் அறிவிக்கப்பட்டபோது, அபூ தல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் விருந்தினருக்கு அதனை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் இளைஞரான அனஸ் (ரலி) அவர்கள். கேட்ட மாத்திரத்தில் அது வெளியே கொட்டப்பட்டு மதீனாவின் தெருக்களில் ஓடிற்று என்று அவரே அறிவித்திருப்பதை நாம் ஹதீஸ் தொகுப்புகளிற் காண்கிறோம். நாம் வியப்பது மறுநாளைப் பற்றி. பேரீச்சை அதே பேரீச்சை. தாகம் அதே தாகம். வெயிலும் அதே வெயில். மறுநாள் அம்மக்கள் எதைப் பருகினார்கள்?

'நபீத்' பருகினார்கள். பேரீச்சையையோ உலர்ந்த திராட்சையையோ தண்ணீரில் ஊற வைத்து எடுப்பது நபீத். காலையில் ஊறப்போட்டதை மாலையிலும், இரவில் ஊறப்போட்டதைக் காலையிலும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருந்தினார்கள் என்றும், மூன்றாம் நாளைத் தாண்டி அதை அருந்தியதில்லை என்றும் அறிவிப்புகள் உள்ளன. இரண்டு வகைப் பழங்களை ஒன்றாக ஊற வைக்கலாகாது. சுரைக்குடுக்கை, பச்சை மெருகிட்ட சாடி, குடைந்த பேரீச்சை மரம், கீல் பூசிய பாத்திரம் ஆகியவற்றில் ஊற வைக்கலாகாது. தோற்பையில் வைக்கலாம் என்று அன்று கட்டளை பிறந்தது. இவற்றைச் சடங்கு விதிகள் என்று எண்ணுவோர் உண்டு. சற்றே சிந்தித்தால் இதிலுள்ள நடைமுறை அறிவு புலப்படும். கெட்டிப் பாத்திரத்தில் சாறு மதுவாவது வெளியே தெரியாது. தோற்பையிலோ நுரைத்தெழும் காற்று பையை உப்பச் செய்து காட்டிக் கொடுத்துவிடும். பழக்கம் உறுதிப்பட்ட பின்னர், பாத்திரம் எதுவாயினும் ஆகுக, போதை தருவதை மட்டும் அருந்தற்க என்று அத்தடை தளர்த்தப்பட்டது.

நபீத் அன்றாடப் பானம். அதனைச் சேமிக்க இயலாது. சேமிக்கத்தக்க ஒன்று வேண்டும் என்ற கேள்வி, திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த சிரியா முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தபோது கூர்மையடைந்தது. இமாம் மாலிக் அவர்களின் 'முவத்தா'வில் இது குறித்து ஒரு நிகழ்ச்சி உண்டு. 634 முதல் 644 வரை கலீஃபாவாக விளங்கிய உமர் (ரலி) அவர்கள் சிரியாவுக்கு வந்திருந்தபோது, அந்நாட்டு மக்கள், தங்கள் மண்ணின் நோய்க்கும் தட்பவெப்பத்துக்கும் தங்கள் பழைய பானமே ஏற்றது என்று முறையிட்டனர். தேன் பருகுங்கள் என்றார்கள் கலீஃபா. தேன் எங்களுக்கு ஒத்துவராது என்றனர். அப்போது ஒருவர், போதை தராத வகையில் அதைச் செய்து காட்டுகிறோம் என்று முன்வந்தார். திராட்சைச் சாற்றை மூன்றில் இரண்டு பங்கு வற்றும் வரை காய்ச்சினர். எஞ்சிய ஒரு பங்கைக் கலீஃபாவிடம் கொணர்ந்தனர். அவர்கள் விரலை விட்டு எடுத்தபோது அது நூலாக நீண்டு வந்தது. ஒட்டகத்துக்குப் பூசும் தார்போல் அல்லவா இருக்கிறது என்று கூறி, அதைப் பருகலாம் என்றார்கள். அருகிருந்த உபாதா (ரலி) அவர்கள், "நீங்கள் அதை ஆகுமானதாக்கிவிட்டீர்களே!" என்ற கருத்தில் ஆட்சேபித்ததும், அல்லாஹ் விலக்கியதை நான் ஆகுமாக்குபவனல்லன் என்று கலீஃபா மறுத்ததும் அந்நிகழ்ச்சியிலேயே இடம்பெறுகின்றன.

மூன்றிலொன்று என்ற கணக்கை இன்றைய வேதியியலைக் கொண்டு ஆராய்வோம். கனிந்த திராட்சையின் சாற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பங்கு சர்க்கரை. மூன்றிலொரு பங்காக வற்றினால் அது 60ஐ நெருங்கும். அந்தச் செறிவில் ஈஸ்ட் பிழைப்பதரிது. அதனுடலிலுள்ள நீரையே சர்க்கரை உறிஞ்சிவிடும். நூலாக நீள்வது என்பது நம் வீட்டுப் பெண்கள் பாகுக்குச் சொல்லும் கம்பிப் பதம் அல்லாமல் வேறென்ன? சிரியாவில் 'திப்ஸ்' என்றும் துருக்கியில் 'பெக்மெஸ்' என்றும் வழங்கும் திராட்சைப் பாகு இன்றும் இம்முறையிலேயே காய்ச்சப்படுகிறது.

இங்கே ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். மது அத்தோடு ஒழிந்துவிடவில்லை. அப்பாஸியர் காலத்து அபூ நுவாஸ் மதுவைப் பாடியே புகழ் பெற்றவர். அரண்மனைகளில் கிண்ணங்கள் நிறைந்துகொண்டுதான் இருந்தன. நபீத் எந்த அளவுக்கு ஆகும் என்பதில் கூஃபா அறிஞர்களுக்கும் ஹிஜாஸ் அறிஞர்களுக்கும் நெடிய விவாதம் நடந்தது. 889இல் மறைந்த இப்னு குதைபா பானங்களைப் பற்றியே தனி நூல் எழுத வேண்டிய அளவுக்கு அது வளர்ந்தது. விலக்கு இருந்த காரணத்தால் எல்லோரும் விலகி நின்றனர் என்று எழுதுவது வரலாறாகாது. விலகி நிற்க விரும்பியோருக்குக் கையில் வேறொரு கிண்ணம் இருந்தது என்பதே வரலாறு.

அந்தக் கிண்ணத்தை நிறைத்தது சர்க்கரை. கரும்பும் அதைக் காய்ச்சும் கலையும் நம் பாரத பூமியின் கொடை. சமஸ்கிருதச் 'சர்க்கரா' பாரசீகத்தில் 'ஷகர்' ஆகி, அரபியில் 'சுக்கர்' ஆகி, ஐரோப்பாவெங்கும் பரவிற்று. பாரசீகத்தின் குஸிஸ்தான் பகுதியிலிருந்து எகிப்து, சிசிலி, ஸ்பெயின் என்று கரும்பு மேற்கே சென்றது முஸ்லிம் ஆட்சிக் காலத்திலேதான். சாற்றை வற்றக் காய்ச்சும்போது அதன் மணமும் புதுச்சுவையும் கெடுகின்றன. சர்க்கரையைக் கொட்டிச் செறிவாக்கினாலோ சிறிதே காய்ச்சினாற் போதும். இந்த வசதி கிட்டியதும் மாதுளை, எலுமிச்சை, சீமை மாதுளை, ஆப்பிள், ரோஜா, ஊதாப்பூ என எதுவும் பாகாகலாம் என்ற நிலை ஏற்பட்டது.

இக்கலையை வளர்த்தவர்கள் மருத்துவர்களே. குந்திஷாப்பூரின் புகழ்பெற்ற மருத்துவமனை மரபில் வந்த சாபூர் இப்னு ஸஹ்ல், 869இல் மறைந்தவர், மருந்துகளின் செய்முறை நூல் ஒன்றை எழுதினார். அதில் பானங்களுக்கும், பழச்சாற்றைக் குழம்பாக வற்றவைத்த 'ருப்பு'களுக்கும் தனித்தனி இயல்கள் உள்ளன. அவர் கிறித்தவர். 1198இல் மறைந்த இப்னு ஜுமைஃ எலுமிச்சையின் பயன்களைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். அவர் சுல்தான் ஸலாஹுத்தீனின் மருத்துவர், யூதர். காடியையும் தேனையும் கலந்து செய்த 'ஸிகன்ஜபீன்' பாரசீகப் பெயர் தாங்கிய பானம் என்றாலும், கிரேக்க மருத்துவர்கள் அதற்கு முன்பே அத்தகைய கலவையை அறிந்திருந்தனர். ஆகவே எல்லாம் நம்மவர் கண்டதே என்று மார்தட்டுவதற்கு இடமில்லை. நம் மேடைகளில் அவ்வகைப் பேச்சு மலிந்துவிட்டதைக் கண்டு நாம் வருந்துவதுண்டு. இந்தியன் சர்க்கரை தந்தான். கிரேக்கன் காடிக்கலவை தந்தான். கிறித்தவரும் யூதரும் செய்முறை எழுதினர். இவற்றையெல்லாம் ஓரிடத்தில் கூட்டி, கடைத்தெருவில் விற்கும் பண்டமாகவும் விருந்தாளிக்குத் தரும் மரியாதையாகவும் ஆக்கிய நாகரிகம் எது என்று கேட்டால், அப்போது நாம் தலைநிமிரலாம்.

கடைத்தெரு என்றோம். கெய்ரோவின் பழைய யூத ஆலயத்தில் கிடைத்த கெனீஸா ஆவணங்களில் 'ஷராபீ' என்ற தொழிற்பெயர் பலமுறை வருகிறது. பாகும் கஷாயமும் செய்து விற்பவர் ஷராபீ. 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய சந்தைக் கண்காணிப்பு நூலில், பாகு விற்பனையாளர் கலப்படம் செய்யாமற் பார்த்துக்கொள்வது எப்படி என்பதற்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு. கலப்படம் அத்தனை பழமையானது! எகிப்தை ஆண்ட மம்லூக் அரண்மனையில் 'ஷராப்கானா' என்றொரு துறை இருந்தது. சுல்தானின் பாகுகளும் மருந்துகளும் அவற்றுக்கான விலையுயர்ந்த பீங்கான் கலங்களும் அங்கே இருந்தன. மருந்துக்கும் விருந்துக்கும் ஒரே அலமாரி.

இவ்வலமாரியிலிருந்து வெளியேறிய சொற்களுள் ஒன்றின் கதையைக் கேளுங்கள். பாரசீகத்தில் 'குல்' மலர், 'ஆப்' நீர். 'குலாப்' என்பது பன்னீர். அரபியில் 'க' ஒலி 'ஜ' ஆகி 'ஜுலாப்' ஆயிற்று. பன்னீர் கலந்த இனிப்புப் பாகைக் குறித்தது. இலத்தீன் மருத்துவ நூல்கள் வழியே அது 'ஜூலெப்' என்று ஐரோப்பா சென்றது. மருந்தின் கசப்பை மறைக்க உதவும் இனிப்பு நீருக்குப் பெயராயிற்று. அங்கிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து வர்ஜீனியா சென்றபோது, 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் சாராயமும் புதினாவும் சேர்ந்துகொண்டன. இன்று கென்டக்கி மாநிலத்துக் குதிரைப் பந்தயத்தில் 'மின்ட் ஜூலெப்' என்ற பெயரில் விஸ்கியோடு அருந்தப்படுவது அதுதான். அதே சொல் சிரியாவிலும் லெபனானிலும் 'ஜல்லாப்' என்று வழங்குகிறது. திராட்சைப் பாகும் பன்னீரும் கலந்து, மேலே பைன் பருப்புகள் மிதக்க, நோன்பு திறக்கும் வேளையில் அதைப் பருகுகிறார்கள். பெயர் ஒன்று, ஒரு கிளை மதுவின் மேசையிலும், மற்றொரு கிளை இஃப்தார் விரிப்பிலும் இருக்கிறது.

ஐரோப்பா சர்பத்தை முதலில் அறிந்தது துருக்கியர் வாயிலாக. 1627இல் வெளியான தம் நூலில் பிரான்சிஸ் பேக்கன், துருக்கியில் வழங்கும் இப்பண்டத்தைக் குறிப்பிட்டுள்ளார். 1660களில் லண்டன் காப்பிக் கடை ஒன்று, துருக்கியில் செய்த எலுமிச்சை, ரோஜா, ஊதாப்பூ சர்பத்துகள் தன்னிடம் கிடைக்கும் என்று விளம்பரம் செய்தது. துருக்கியர் விரும்பிய மற்றொன்று 'தெமிர்ஹிந்தி' சர்பத். அரபியில் 'தமர் ஹிந்தி', அதாவது 'இந்தியப் பேரீச்சை'. வேறொன்றுமில்லை, நம் புளிதான்! ரசத்துக்குக் கரைக்கும் புளி, இஸ்தான்புலில் சீமாட்டிகளின் கிண்ணத்தில் இனித்தது.

ஆனால் சர்பத்தோடு சாராயத்தைக் கூட்டிய களம் இஸ்தான்புல் அன்று. அது நம் இந்தியத் துறைமுகங்கள். சூரத்திலும் பிற ஊர்களிலும் பண்டகசாலை அமைத்திருந்த கும்பினியாருக்கு ஊரிலிருந்து வந்த மது போதவில்லை. வந்ததும் வெப்பத்திற் கெட்டது. இங்கே மலிவாகக் கிடைத்தது கள்ளிலிருந்தும் வெல்லத்திலிருந்தும் வடித்த சாராயம். அதன் காரத்தை அடக்க எலுமிச்சையும் சர்க்கரையும் தண்ணீரும் நறுமணச் சரக்கும் சேர்த்தனர். இதுவே 'பஞ்ச்'. 1632இல் கும்பினி ஊழியர் ஒருவர் எழுதிய கடிதத்தில் இச்சொல் முதன்முதலாக வருகிறது. 1638இல் இந்தியா வந்த ஜெர்மானியர் மாண்டெல்ஸ்லோவும், ஔரங்கஸேப் காலத்தில் இங்கு வாழ்ந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியேயும் இப்பானத்தைக் குறித்துள்ளனர். ஐந்து பொருள் சேர்வதால் 'பாஞ்ச்' என்ற சொல்லிலிருந்து பெயர் வந்தது என்பர். அதை மறுப்போரும் உளர். பெயர் எப்படியாயினும், சாராயத்தைக் கழித்துப் பார்த்தால் எஞ்சுவது எலுமிச்சை சர்பத்!

அந்தச் சாராயத்தின் பெயரும் நம்மைத் தப்பவிடாது. 'அரக்' என்பது அரபியில் வியர்வை. வடிகலத்தின் மூக்கில் துளித்துளியாய் அரும்புவதால் அப்பெயர். வடிகலத்துக்கு ஐரோப்பியர் வைத்த 'அலெம்பிக்' என்ற பெயரும் அரபி 'அல்-அன்பீக்' தான். பன்னீர் வடிக்க அல்-கிந்தி போன்றோர் செம்மைப்படுத்திய கலம், பிறர் கையில் வேறொன்றையும் வடித்தது. பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவதே நேர்மை.

இங்கிலாந்து திரும்பியோர் பஞ்சையும் கூடவே கொண்டு சென்றனர். பிராந்தியிலோ ரம்மிலோ எலுமிச்சை, ஆரஞ்சுச் சாற்றையும் சர்க்கரையையும் ஊறவைத்துப் புட்டியில் அடைத்து 'ஷ்ரப்' என்று விற்றனர். அமெரிக்காவிலோ பழத்தைக் காடியிலும் சர்க்கரையிலும் ஊறவைத்து, சாராயமின்றித் தண்ணீர் கலந்து பருகும் ஷ்ரப்பும் பரவியது. ஸிகன்ஜபீன் மறுபிறவி எடுத்தது போல!

இனி எலுமிச்சையோடு கடலுக்குச் செல்வோம். 1747இல் 'சாலிஸ்பரி' என்ற போர்க்கப்பலில் ஸ்கர்வி நோயால் ஈறு வீங்கி நலிந்து கிடந்த 12 மாலுமிகளை ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் இருவர் இருவராகப் பிரித்தார். ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு மருந்தைக் கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். பழத்தைக் கப்பலில் நெடுநாள் வைத்திருப்பது எப்படி? 1753இல் வெளியிட்ட தம் நூலில் லிண்ட் கூறிய வழி, சாற்றை இளஞ்சூட்டில் வற்றவைத்து 'ராப்' ஆக்குவது. 'ராப்' என்பது நாம் மேலே கண்ட சாபூரின் 'ருப்பு' அன்றி வேறன்று. ஒன்பது நூற்றாண்டு கழித்து அந்தப் பாக்தாத் மருந்துச்சொல் ஆங்கிலக் கப்பலேறிற்று.

ஆனால் அம்முறை தோற்றது. நோயைத் தீர்ப்பது இன்று நாம் 'சி' வைட்டமின் என்றழைக்கும் பொருள். வெப்பத்திலும் நெடுநாள் சேமிப்பிலும் அது அழிந்துவிடுகிறது. மதுவாகாமற் காக்க வல்ல காய்ச்சல், உயிர்காக்கும் சத்தையும் போக்கிவிட்டது. 1795இல் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றையே மாலுமிகளுக்கு வழங்க முற்பட்டது. கெடாமலிருக்க அதில் சாராயம் சேர்க்கப்பட்டது. சாறு மதுவாவதைத் தடுக்க மதுவையே ஊற்றும் விந்தை!

1867இல் இரண்டு நிகழ்ந்தன. வணிகக் கப்பல்களும் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு வழங்கவேண்டுமெனப் பிரிட்டிஷ் சட்டம் விதித்தது. அதே ஆண்டில் எடின்பரோவை அடுத்த லீத் துறைமுகத்தைச் சேர்ந்த லாக்லன் ரோஸ், சாராயமின்றிச் சர்க்கரையைக் கொண்டே சாற்றைக் காக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். ரோஸின் லைம் கார்டியல் பிறந்தது. இரண்டாண்டு கழித்து, 1869இல், அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர் பாஸ்டரின் முறைப்படி திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புட்டியில் அடைத்தார். அவர் மதுவை வெறுத்த மெதடிஸ்ட் கிறித்தவர். தம் ஆலயத்தின் திருவிருந்தில் புளிக்காத சாறே வேண்டும் என்பது அவர் வேட்கை. சமய உணர்வே அறிவியலை முடுக்கியது என்ற வகையில், உமர் (ரலி) அவர்கள் முன் திராட்சைச் சாற்றைக் காய்ச்சிக் காட்டிய அந்தப் பெயர் தெரியாத சிரியருக்கும் இவருக்கும் ஏதோ ஓர் உறவு இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

ரோஸின் கார்டியலுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். சாராயத்தை வெளியேற்றிச் செய்த பாகில், கடற்படை அதிகாரிகள் 'ஜின்' என்ற சாராயத்தை ஊற்றிக்கொண்டனர். 'கிம்லெட்' என்பது அதன் பெயர். காக்டெயில் பட்டியல்களில் இன்றும் உள்ளது. மேற்கிந்தியத் தீவுகளின் சிற்றெலுமிச்சையில் வைட்டமின் குறைவு என்பதும் பின்னரே தெரிந்தது. அதை நம்பி 1875இல் வடதுருவம் நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் பயணக் குழு ஸ்கர்வியால் வாடித் திரும்பியது.

மதுவிலக்கு இயக்கம் இங்கிலாந்தில் வேரூன்றியது பிரெஸ்டன் நகரில். 1832இல் ஜோசப் லிவ்ஸி முதலியோர் அங்கே மதுவை அறவே துறக்கும் உறுதிமொழி எடுத்தனர். அவ்வியக்கம் பரவிய அதே லங்காஷயர் மண்ணில், மான்செஸ்டரில், 1908இல் ஜான் நோயல் நிக்கல்ஸ் என்ற மூலிகை வணிகர் திராட்சை, ராஸ்பெரி, கருந்திராட்சை வகைப் பழச்சாறுகளோடு மூலிகைகளும் நறுமணச் சரக்கும் கூட்டி ஒரு சத்துப்பானம் செய்தார். அதுவே 'விம்டோ'. 1920களின் இறுதியில் அது சவூதி வணிகர் மூலம் வளைகுடாவுக்கு வந்தது. 1979 முதல் தம்மாமிலேயே தயாராகிறது. இன்று அரபு வீடுகளில் ரமளான் பிறை தெரிவதற்கு முன்னரே விம்டோ புட்டி வந்துவிடுகிறது. துபாயிலும் தம்மாமிலும் உழைக்கும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் துணியைச் சுற்றிக் கொணர்வதும் அதைத்தான். பாக்தாதிலிருந்து இலத்தீன் வழியே புறப்பட்ட பாகு, மான்செஸ்டர் வேடம் பூண்டு நோன்பாளியிடமே திரும்பியிருக்கிறது.

விம்டோ பிறப்பதற்குச் சற்று முன், தில்லியில் ஹகீம் ஹாஃபிஸ் அப்துல் மஜீத் 1906இல் 'ஹம்தர்த்' மருந்தகத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில், கோடையின் தாக்கத்திலிருந்து மக்களைக் காக்கப் பழச்சாறு, மூலிகை, ரோஜா, தாழம்பூ ஆகியவை கூட்டி ஒரு சர்பத் செய்தார். 'ரூஹ் அஃப்ஸா' எனப் பெயரிட்டார். 1922இல் அவர் மறைந்தபின் துணைவியார் ராபியா பேகம் அதைக் காத்து வளர்த்தார். பிரிவினையின்போது மூத்த மகன் அப்துல் ஹமீத் தில்லியிலேயே தங்கினார். இளையவர் முஹம்மது ஸயீத் 1948இல் கராச்சி சென்று அங்கொரு ஹம்தர்தைத் தொடங்கினார். 1971க்குப் பின் வங்காளதேசத்து ஹம்தர்த் தனியாயிற்று. ஒரு வீட்டுச் சர்பத் மூன்று நாட்டுச் சர்பத் ஆயிற்று. எல்லைகளைப் பிரித்தவர்களால் அதன் சிவப்பை மட்டும் பிரிக்க முடியவில்லை.

நம் தமிழகத்திலும் இம்மரபு தனித்து நின்றதில்லை. சித்த வைத்தியர் 'மணப்பாகு' என்பதும் யூனானி ஹகீம் 'ஷர்பத்' என்பதும் செய்முறையில் உடன்பிறப்புகள். மசக்கையின் குமட்டலுக்குத் தரும் மாதுளை மணப்பாகும், மேற்கத்தியரின் 'கிரெனடின்' பாகும் ஒரே பழத்தின் பெயரைத் தாங்குபவை. 'கிரெனேட்' என்றால் பிரெஞ்சில் மாதுளை. நன்னாரி வேர் நம் மண்ணுக்குரியது; அதைப் பாகாக்கி எலுமிச்சை பிழிந்து தரும் தெருவோரக் கடைக்காரர் உச்சரிக்கும் பெயரோ 'சர்பத்'. மதுரையின் ஜிகர்தண்டா தன் பெயரிலேயே ஈரலுக்குக் குளிர்ச்சி என்ற வடக்கத்திப் பொருளைச் சுமந்து நிற்கிறது. நம் நிக்காஹ் வீடுகளில், வந்தவருக்கு முதலில் சர்பத் என்ற மரியாதை அண்மைக்காலம் வரை இருந்தது. சப்ஜா விதை மிதக்கும் அந்தக் கண்ணாடிக் குவளையை மறந்தவர் நம்மில் யார்?

அந்தக் குவளையில் இன்று இருப்பது என்ன என்பதைக் கேட்கத்தான் நமக்குத் தயக்கமாக உள்ளது. சென்ற ஆண்டு ஒரு மண வீட்டில் நம் முன் வைத்த சிவந்த நீரில், பழம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. சாயமும் சாக்கரினும் எஸென்ஸும் கலந்த தண்ணீர் அது. மறுநாள் வரை நாக்குச் சிவந்திருந்தது. ஷைஸரீயின் கண்காணிப்பாளர் அவ்வீட்டுக்கு வந்திருந்தால் சமையற்காரரைச் சும்மா விட்டிருக்கமாட்டார். மதுவை விலக்கியவன் அதற்கு ஈடாக மாதுளையைப் பிழிந்தான் என்பதில் ஒரு கண்ணியம் உண்டு. ஈடாகச் சாயத்தைக் கரைத்தான் என்றால்?

விடுதிப் பட்டியலுக்கு வருவோம். சிப்பந்தி காட்டிய வலப்பக்கத்தில் கிரெனடின் கலந்த ஒன்றைச் சுட்டி, இதில் மாதுளை உண்டா என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை, ஆனால் நல்ல பிள்ளை, உள்ளே சென்று புட்டியையே எடுத்து வந்தார். ஒட்டியிருந்த தாளில் சர்க்கரைப் பாகு, புளிப்பு, நிறம், மணம் என்று இருந்ததே தவிர மாதுளை எங்கும் இல்லை. சமையற்கட்டில் எலுமிச்சம்பழம் இருக்குமா என்றோம். இருந்தது. பிழிந்து, சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, குளிர்ந்த நீர் ஊற்றிக் கொண்டுவந்தார். அருமையாக இருந்தது. விருந்து முடிந்து கணக்கெழுதும் வேளையில் அவர் சற்றுத் திகைத்து நின்றார். பட்டியலில் அதற்குப் பெயர் இல்லையாம். என்னவென்று எழுதுவது என்று கேட்டார்.

"சர்பத் என்று எழுதுங்கள், தம்பி" என்றோம்.